நிலையற்ற இடுப்பு முறிவுக்கு எந்த ஆணி? முதியோருக்கு வைக்கும் உள்ளாணிகள் பற்றிய எளிய விளக்கம்

வயதான ஒருவர் நடக்கும்போது கால் இடறி, நின்ற உயரத்திலிருந்தே கீழே விழுகிறார். எழுந்து நிற்க முடியவில்லை. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிகிறது. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், ‘இடுப்பு முறிந்திருக்கிறது, அறுவை செய்து உள்ளே ராடு வைக்க வேண்டும்’ என்கிறார். அந்த நேரத்தில் குடும்பத்தார் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ‘எந்த ராடு நல்லது?’ என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு விடை சொல்ல, ராடு என்று சொல்லப்படும் உள்ளாணியின், அதாவது எலும்பின் குழலுக்குள் இறக்கும் உலோக ஆணியின், பெயரிலிருந்து தொடங்க முடியாது. எலும்பு எப்படி முறிந்திருக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆணிகளுக்கிடையே உண்மையான வேறுபாடுகள் உண்டு. என்றாலும், முறிவை எவ்வளவு சரியாகச் சேர்த்தார்கள், ஆணியோடு இணையும் திருகை எலும்புத் தலைக்குள் எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்ற இரண்டுக்கும் பிறகே அந்த வேறுபாடுகள் வருகின்றன.

எலும்பு முறியும் இடம்

பேச்சு வழக்கில் இடுப்பு முறிவு என்று சொன்னாலும், முறிவது தொடை எலும்பின் மேல் முனை. அங்கே பந்து போன்ற ஒரு தலை இருக்கிறது. அது இடுப்புக் குழிக்குள் பொருந்திச் சுழல்கிறது. தலையைத் தாங்குவது கழுத்து. கழுத்தும் எலும்பின் நீண்ட தண்டும் சேரும் இடத்தில் வெளிப்பக்கமாக ஒரு பெரிய முண்டும், உட்பக்கத்தில் சற்றுக் கீழே ஒரு சிறிய முண்டும் இருக்கின்றன. மருத்துவர்கள் இவற்றைப் பெரிய ட்ரோக்கான்டர், சிறிய ட்ரோக்கான்டர் என்பார்கள். இந்த இரு முண்டுகளையும் சார்ந்த பகுதியில் ஏற்படும் முறிவுகளுக்குத்தான் உள்ளாணி வைக்கிறார்கள்.

கழுத்து முறிவும் முண்டுப் பகுதி முறிவும் ஒன்றுக்கொன்று மிக அருகில் இருந்தாலும் அவற்றின் போக்கு முற்றிலும் வேறு. கழுத்து, மூட்டு உறைக்குள் இருப்பதால், அது முறிந்து விலகும்போது தலைக்குப் போகும் இரத்த ஓட்டமே அறுபடலாம். அதனால் முதியோருக்குப் பெரும்பாலும் தலையை எடுத்துவிட்டுச் செயற்கைத் தலையோ முழுச் செயற்கை மூட்டோ வைக்கிறார்கள். முண்டுப் பகுதியோ உறைக்கு வெளியே, இரத்த ஓட்டம் நிறைந்த பஞ்சு போன்ற எலும்பால் ஆனது. அங்கே முறிந்த எலும்பு ஒட்டிக் கூடுவது அவ்வளவு அரிதான காரியம் இல்லை. கூடும் வரையில் உருவம் குலையாமல் வைத்திருப்பதுதான் கடினம். நிலையற்ற முறிவுக்கான கருவிகள் எல்லாமே இந்த ஒரு சிக்கலைச் சுற்றித்தான் உருவாக்கப்பட்டுள்ளன.

கடினம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு எலும்பின் வடிவமே சான்று. தலை, தண்டுக்கு நேர் மேலே இருப்பதில்லை. கழுத்து ஏறத்தாழ 125 முதல் 130 பாகைக் கோணத்தில் உட்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. உடலின் எடை தலையின் மேல் இறங்க, இடுப்பின் வெளிப்பக்கத் தசைகள் உடல் சாய்ந்துவிடாமல் எதிர்ப்புறம் இழுக்கின்றன. இரண்டும் சேர்ந்து, சாதாரணமாக நடக்கும்போதே மூட்டின் மேல் உடல் எடையைப் போல் சுமார் 2.5 மடங்கு விசை விழுகிறது. முறிந்த எலும்பில் இந்த விசை முழுவதும், தலையைக் கீழ்நோக்கியும் உட்பக்கமாகவும் சாய்க்கவே முயலும். எலும்புப்புரை நோயால் உள்ளே வலை மெலிந்துபோன முதியவரின் எலும்பில், அதைத் தடுத்துப் பிடித்துக்கொள்ளத் திருகுக்குக் கிடைக்கும் பிடிமானம் மிகக் குறைவு.

நிலைத்த முறிவும் நிலையற்ற முறிவும்

முண்டுகளுக்கு இடையே ஒரே கோடாக முறிந்து, இரண்டு துண்டுகளும் ஒன்றன்மேல் ஒன்று நன்றாக உட்காரக்கூடிய நிலையில் இருந்தால் அது நிலைத்த முறிவு. சேர்த்து வைத்ததும் எலும்பே எலும்பைத் தாங்கும்; கருவிக்கு வேலை குறைவு. உட்பக்கப் பின்புறச் சுவர் நொறுங்கிச் சிறிய முண்டு பெரிய துண்டாகப் பிரிந்துவிட்டாலோ, வெளிப்பக்கச் சுவர் மெலிந்தோ உடைந்தோ இருந்தாலோ, முறிவுக் கோடு வழக்கத்துக்கு எதிர்த் திசையில் உள்ளிருந்து வெளியே கீழ்நோக்கி ஓடினாலோ, அது நிலையற்ற முறிவு. அப்போது எலும்புக்கு எலும்பு முட்டுக் கொடுப்பதில்லை. பாரம் முழுவதையும் கருவி சுமக்க வேண்டியிருக்கிறது.

எலும்பு மருத்துவர்கள் பயன்படுத்தும், ஏஓ, ஓடிஏ என்ற எலும்பு முறிவு மருத்துவ அமைப்புகளின் வகைப்பாட்டில் இவை 31ஏ1, 31ஏ2, 31ஏ3 என்று குறிக்கப்படுகின்றன. முதலாவது எளிய முறிவு. இரண்டாவது பல துண்டுகள் கொண்டது. மூன்றாவது எதிர்ச்சாய்வாகவோ குறுக்காகவோ ஓடுவது. 2018-இல் இந்த வகைப்பாட்டைத் திருத்தியபோது வெளிப்பக்கச் சுவரின் தடிமனுக்கு முக்கியத்துவம் கொடுத்தார்கள்: அது 20.5 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ ஆனால், அந்தச் சுவரை நம்ப முடியாது என்று கொண்டு முறிவை ஏ2 வகையில் சேர்க்க வேண்டும். எண்ணாகப் பார்த்தால் சிறிய திருத்தம்தான். ஆனால் எந்தக் கருவி என்ற முடிவையே மாற்றிவிடக்கூடிய சுவர் அது என்பதை அடுத்து வருவது காட்டும்.

தகடும் ஆணியும்

உள்ளாணிகள் பரவலாவதற்கு முன் இந்த முறிவுகளுக்குப் பெரிதும் வைக்கப்பட்டது சறுக்குத் திருகும் தகடும். இன்றும் அது வழக்கில் இருக்கிறது. நிலைத்த முறிவுகளுக்கு மிக நல்ல கருவி என்றே நான் கருதுகிறேன். தொடையின் வெளிப்பக்கத்தில் தகட்டைப் பதித்து, அதிலிருக்கும் குழாய் வழியாகத் தலைக்குள் ஒரு தடித்த திருகை ஏற்றுகிறார்கள். நோயாளி எடை போடும்போது திருகு குழாய்க்குள் கொஞ்சம் பின்னோக்கிச் சறுக்குகிறது. அதனால் முறிந்த முகங்கள் ஒன்றோடொன்று நெருங்கி அழுந்துகின்றன. எலும்பு கூடுவதற்கு அந்த அழுத்தம் உதவுகிறது.

வெளிப்பக்கச் சுவர் இல்லாதபோது இந்தச் சறுக்கலே கேடாக மாறுகிறது. தலையும் கழுத்தும் சறுக்கி வந்து முட்டி நிற்க வேண்டிய இடம் அந்தச் சுவர்தான். சுவர் உடைந்திருந்தால் தடுப்பே இல்லாமல் தொடர்ந்து சறுக்கி, தண்டு உட்பக்கமாக நகர்ந்து, கால் குட்டையாகிவிடும். 2007-இல் ஹென்ரிக் பாமும் உடன் ஆய்வாளர்களும், சறுக்குத் திருகு வைக்கப்பட்ட 214 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: அறுவைக்குப் பின் வெளிச்சுவர் முழுமையாக இருந்தவர்களில் 3 விழுக்காட்டினருக்கே மறு அறுவை தேவைப்பட்டது, சுவர் உடைந்திருந்தவர்களில் அது 22 விழுக்காடு. அந்த உடைவுகளில் பெரும்பாலானவை, திருகுக்காகத் துளையிடும்போது அறுவை மேசையிலேயே நேர்ந்தவை.

உள்ளாணி இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. அது எலும்புக்கு வெளியே ஒட்டாமல், தண்டின் நடுவே உள்ள மஜ்ஜைக் குழலுக்குள் இறங்குகிறது. பெரிய முண்டின் உச்சியில் சிறிய கீறல் வழியாக ஆணியை நுழைத்து, அதன் மேற்பகுதியில் உள்ள சாய்ந்த துளை வழியாகத் தலைக்குள் ஒரு திருகையோ பிளேடையோ ஏற்றி, கீழ்முனையில் குறுக்குத் திருகு போட்டுப் பூட்டுகிறார்கள். பாரம் இறங்கும் கோட்டுக்கு ஆணி அருகில் இருப்பதால் அதன்மேல் விழும் வளைவிசை தகட்டைவிடக் குறைவு. அதைவிட முக்கியமாக, உடைந்த வெளிச்சுவருக்குப் பதிலாக ஆணியே உள்ளிருந்து முட்டுக் கொடுக்கிறது. தலைத் துண்டு சறுக்கினாலும் ஆணியில் முட்டி நின்றுவிடும்.

அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் சங்கம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நிலையற்ற முறிவுகளுக்கும் எதிர்ச்சாய்வு முறிவுகளுக்கும் உள்ளாணியையே பரிந்துரைக்கிறது. நிலைத்தவற்றுக்கு இரண்டில் எதுவானாலும் ஏற்கத்தக்கது என்கிறது. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் நிறுவனம் 2011-இல் வகுத்த வழிகாட்டுதல் வேறு விதமாகச் சொன்னது: ஏ1, ஏ2 இரண்டுக்கும் சறுக்குத் திருகு போன்ற வெளிக் கருவியை முதலில் கருத வேண்டும், முண்டுக்குக் கீழுள்ள முறிவுகளுக்கு உள்ளாணி. பொறுப்புள்ள இரண்டு அமைப்புகள் ஏ2 முறிவைப் பற்றி ஒத்துப்போகவில்லை என்பதை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. தகடு வைத்த மருத்துவர் தவறு செய்துவிட்டார் என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்ட இடமில்லை.

ஆணிகளின் தலைமுறைகள்

எலும்பின் குழலுக்குள் உலோக ஆணியை இறக்கும் முறையைப் பரவலாக்கியவர் ஜெர்மானிய அறுவை மருத்துவர் கெர்ஹார்ட் குன்ட்ஷர். 1939–40 காலத்தில் அவர் அதைத் தொடங்கினார். முண்டுப் பகுதிக்கென்றே வடிவமைத்த காமா ஆணி 1980-களின் பிற்பகுதியில் வந்தது. முதல் தலைமுறைக் காமா ஆணி பருமனாகவும் விறைப்பாகவும் இருந்ததால், ஆணியின் கீழ்முனை எலும்பில் குத்தும் இடத்தில் தொடை எலும்பு புதிதாக முறிவது அன்றைய பெருங்கவலையாக இருந்தது. உள்ளாணி என்றாலே தொடை முறியும் என்ற அச்சம் அப்போது பிறந்தது. பிற்காலக் காமா ஆணிகளை மெல்லியதாகவும் சாய்வு குறைந்ததாகவும் மாற்றியமைத்த பிறகு அந்த முறிவுகள் வெகுவாகக் குறைந்தன. பழைய ஆய்வுகளைப் படிப்பவர்கள், அவற்றில் எந்தத் தலைமுறை ஆணி பேசப்படுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

1990-களில் ஏஓ அமைப்பு உருவாக்கிய பிஎஃப்என் ஆணியில், தலைக்குள் இரண்டு தனித்தனித் திருகுகள் சென்றன. கீழே தடித்தது பாரம் தாங்க, மேலே மெல்லியது தலை சுழலாமல் தடுக்க. எண்ணம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எலும்பு அமுங்கும்போது இரண்டு திருகுகளும் சேர்ந்து சறுக்காமல், ஒன்று உள்நோக்கியும் மற்றொன்று வெளிநோக்கியும் நகர்ந்து, சிலரில் மேல் திருகு மூட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. இசட் எழுத்தின் வடிவில் திருகுகள் விலகுவதால் இதை ‘இசட் விளைவு’ என்றே அழைக்கிறார்கள். பின்னர் வந்த வடிவங்கள் பலவும் இந்தக் குறையை வெவ்வேறு வழிகளில் களைய முயன்றவை.

தலைக்குள் எது நுழைகிறது?

இன்றைய ஆணிகளை ஒப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தண்டுக்குள் இறங்கும் பகுதி எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். தலையைப் பிடிக்கும் பகுதியில்தான் மூன்று வேறு வழிகள் உள்ளன.

முதல் வழி, ஒற்றைத் திருகு. காமா ஆணியின் வழி இது. துளையிட்டு, அந்த அளவு எலும்பை எடுத்துவிட்டு, மரைகள் கொண்ட தடித்த திருகை ஏற்றுகிறார்கள். மேலிருந்து ஒரு சிறிய பூட்டுத் திருகு, தலைத் திருகின் வரிப்பள்ளத்தில் அமர்ந்து அது சுழலாமல் தடுக்கிறது. ஆனால் சறுக்க விடுகிறது. அறுவையின்போதே திருகை இழுத்து முறிவு முகங்களை நெருக்க முடிவது இதன் பலம். கெட்டியான எலும்பில் இது உறுதியாகப் பிடிக்கும். மெலிந்த எலும்பில், திருகு சுழலாவிட்டாலும் அதைச் சுற்றித் தலை சுழலக்கூடும் என்பது இதன் பலவீனம்.

இரண்டாவது வழி, சுருள் பிளேடு. பிஎஃப்என்ஏ ஆணி இவ்வகையில் முதன்மையானது. அதன் வழிவந்த டிஎஃப்என்ஏ ஆணியில் பிளேடு, திருகு இரண்டில் எதையும் தேர்ந்துகொள்ளலாம். பிளேடைத் திருகுவதில்லை, தட்டி இறக்குகிறார்கள். இறங்கும்போது அது சுழன்றுகொண்டே, சுற்றியுள்ள பஞ்சு எலும்பை வெட்டி எடுக்காமல் பக்கவாட்டில் நெருக்கித் தள்ளுகிறது. இருக்கிற கொஞ்ச எலும்பையும் இழக்காமல் அதையே கெட்டிப்படுத்திப் பிடிமானமாக்கும் இந்த எண்ணம், எலும்புப்புரை உள்ளவருக்கு மிகப் பொருத்தமானது. செயற்கை எலும்பில் செய்த ஆய்வகச் சோதனைகளில் பிளேடு, தலை சுழல்வதைத் திருகைவிட நன்றாகத் தடுத்தது. நோயாளிகளிடம் வரும்போது படம் அவ்வளவு தெளிவாக இல்லை: திருகு தலையின் மேற்பகுதியைக் கிழித்து வெளியேறும் வழக்கமான தோல்வியில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் பிளேடுக்கே உரிய வேறொரு தோல்வி உண்டு. தலை சாயாமலேயே, பிளேடு மட்டும் நேராக முன்னேறி, குத்தூசி போலத் தலையைத் துளைத்து மூட்டுக்குள் போய்விடும். கிழித்து வெளியேறுவதும் துளைத்து முன்னேறுவதும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோலத் தோன்றினாலும் காரணங்கள் வேறு. அதனால் தடுக்கும் வழிகளும் வேறு.

மூன்றாவது வழி, ஒன்றோடொன்று கோத்த இரண்டு திருகுகள். இன்டர்டான் ஆணி இப்படிப்பட்டது. இதிலும் இரண்டு திருகுகள் தலைக்குள் போகின்றன. ஆனால் பிஎஃப்என் போலத் தனித்தனியாக இல்லாமல், கீழ்த் திருகின் மரைகள் மேல் திருகின் பக்கவாட்டில் பற்சக்கரம் போலப் பொருந்துகின்றன. கீழ்த் திருகைத் திருகத் திருக, தலைத் துண்டு தண்டை நோக்கி நேராக இழுக்கப்படுகிறது. இரண்டும் கோத்திருப்பதால் இசட் விளைவுக்கு இடமில்லை. இரண்டு திருகுகள் சேர்ந்து முட்டை வடிவக் குறுக்கு வெட்டாக நிற்பதால் தலை சுழல்வதும் கடினம். ஆணியின் மேற்பகுதியும் உருளையாக இல்லாமல் சரிவக வடிவில் இருக்கிறது. அதனால் அது எலும்புக்குள் எளிதில் திரும்பிவிடாது.

பிஎஃப்என்ஏவையும் இன்டர்டானையும் நேரடியாக ஒப்பிட்ட ஆய்வுகள் பல வந்துள்ளன. அவற்றைத் தொகுத்தவர்கள் பொதுவாகக் கண்டது இதுதான்: இன்டர்டான் வைத்தவர்களில் திருகு வெளியேறுதல், தொடை வலி, மறு அறுவை ஆகியவை குறைவாக இருந்தன, அதே வேளையில் அறுவை நேரமும் எக்ஸ்ரே நேரமும் இரத்த இழப்பும் இன்டர்டானுக்குக் கூடுதலாக இருந்தன, ஓராண்டு கழித்து நடை, வலி, இடுப்பின் இயக்கம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடும் மதிப்பெண்களில் பெரிய இடைவெளி தெரியவில்லை. ஆக, மிகவும் நிலையற்ற முறிவோடு, இன்னும் நன்றாக நடமாடக்கூடிய ஒருவருக்கு இன்டர்டானின் கூடுதல் பிடிமானம் பொருளுள்ளதாக இருக்கலாம். இதயமும் நுரையீரலும் பலவீனமான, மயக்க மருந்தின் கீழ் ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒருவருக்கு, பிளேடைத் தட்டி இறக்கி விரைவில் முடித்துவிடும் வழி அறிவுள்ளதாக இருக்கலாம். எது உயர்ந்தது என்று பொதுப்படையாகக் கேட்டால் விடை கிடைக்காது. இந்த நோயாளிக்கு எது என்று கேட்டால் கிடைக்கும்.

25 மில்லிமீட்டர்

1995-இல் மைக்கேல் பாம்கார்ட்னரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஓர் அளவு, இந்தத் துறையில் மற்ற எல்லாவற்றையும்விட உறுதியாக நிற்கிறது. முன்னிருந்து எடுத்த எக்ஸ்ரேயில் திருகின் நுனிக்கும் எலும்புத் தலையின் உச்சிக்கும் உள்ள தூரத்தையும், பக்கவாட்டு எக்ஸ்ரேயில் அதே தூரத்தையும் அளந்து இரண்டையும் கூட்ட வேண்டும். படம் பெரிதாகத் தெரிவதைத் திருகின் உண்மையான விட்டத்தை வைத்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். இந்தக் கூட்டுத்தொகைக்கு நுனி–உச்சித் தூரம் என்று பெயர். அவர்கள் பார்த்த 198 முறிவுகளில், கூட்டுத்தொகை 25 மில்லிமீட்டருக்குள் இருந்த ஒன்றில்கூடத் திருகு தலையைக் கிழித்து வெளியேறவில்லை. வெளியேறியவற்றின் சராசரித் தூரம் 38 மில்லிமீட்டர். வெளியேறாதவற்றில் அது 24.

இதன் பொருள் மிக எளிது. திருகு, தலையின் நடுவில், உச்சிக்குக் கீழே அடர்ந்திருக்கும் எலும்புக்கு அருகே போய் நிற்க வேண்டும். தலையின் மேற்புறத்திலோ முன்புறத்திலோ ஒதுங்கினால், அங்கே எலும்பு மெலிந்திருப்பதால் பிடிமானம் இல்லை. நடுவிலோ, முன்னிருந்து பார்க்கும்போது நடுவுக்குச் சற்றுக் கீழாகவோ நிறுத்துவது நல்லது என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போகிறார்கள். இந்த அளவு திருகுகளுக்காகக் கண்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிளேடு தானே முன்னேறித் துளைக்கும் இயல்புள்ளதால், அதை உச்சிக்கு மிக நெருக்கமாகக் கொண்டுபோவதும் ஆபத்து என்று பலர் எச்சரிக்கிறார்கள். திருகுக்கு நல்லதாக இருக்கும் நெருக்கம் பிளேடுக்கு மிகையாகிவிடலாம்.

திருகின் இடம் சரியாக அமைய, முறிவு முதலில் சரியாகச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். எலும்பு அறுவை மருத்துவர் ஹெர்பர்ட் காஃபர் 1980-இல், முறிவைப் பொருத்திய பின் அந்தக் கட்டமைப்பு தாங்குமா என்பதை ஐந்து காரணிகள் முடிவு செய்கின்றன என்று எழுதினார்: எலும்பின் தரம், துண்டுகளின் வடிவம், முறிவைச் சேர்த்த விதம், கருவியின் அமைப்பு, கருவியை வைத்த இடம். முதல் இரண்டும் நோயாளியோடு வருபவை; மருத்துவரால் மாற்ற முடியாதவை. மீதி மூன்றும் அவர் கையில் இருக்கின்றன. அந்த மூன்றில் கருவியின் அமைப்பு என்பது ஒன்றே ஒன்று. குடும்பத்தார் கவலைப்படுவது பெரும்பாலும் அந்த ஒன்றைப் பற்றி. என் கருத்தில், மற்ற இரண்டுக்கும் அதைவிட அதிகக் கவனம் உரியது.

சேர்ப்பது எப்படி நடக்கிறது என்று இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். நோயாளியை இழுவை மேசையில் படுக்கவைத்துக் காலை இழுத்து, உட்பக்கமாகத் திருப்பி, அறுவை மேசையிலேயே படம் காட்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் இரு கோணங்களிலும் பார்த்து எலும்பை நேராக்குகிறார்கள். அப்படியும் சேராவிட்டால் சிறிய கீறல் போட்டுக் கருவியால் நெம்பிச் சேர்க்கிறார்கள். ஆணியை உள்ளே விட்டால் எலும்பு தானாகச் சேர்ந்துவிடும் என்று நம்பி, சேராத முறிவில் ஆணியை இறக்குவதுதான் பல தோல்விகளின் தொடக்கம். மேல்முனையில் குழல் அகலமானது; ஆணி அதற்குள் எலும்பை நேராக்காது, சேர்த்து வைத்த நிலையை அப்படியே தாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆணி நுழையும் புள்ளி பெரிய முண்டின் உச்சியிலிருந்து வெளிப்பக்கமாக விலகிவிட்டால், ஆணி இறங்க இறங்கத் தலை கீழ்நோக்கிச் சாய்ந்து, கழுத்தின் கோணம் குறைந்துவிடும். கோணம் குறைந்தால் திருகு தலையின் மேற்பகுதிக்குப் போகும். மேற்பகுதிக்குப் போன திருகு கிழித்து வெளியேறும். நுழைவுப் புள்ளியில் நேர்ந்த சில மில்லிமீட்டர் தவறு, மூன்று மாதம் கழித்து மறு அறுவையாக வந்து நிற்கிறது.

குட்டையா, நீளமா?

ஒவ்வொரு ஆணியும் குட்டை வடிவிலும் நீள வடிவிலும் கிடைக்கிறது. குட்டை ஆணி தொடையின் நடுப்பகுதிக்குள் முடிந்துவிடும். நீள ஆணி முழங்காலுக்குச் சற்று மேல்வரை போகும். முழு எலும்பையும் காக்கும் என்பதால் நீளமானதே நல்லது என்று தோன்றலாம். ஆனால் நீள ஆணிக்கு அறுவை நேரமும் இரத்த இழப்பும் கூடும். இன்னொரு சிக்கலும் உண்டு. தொடை எலும்பு நேரானதன்று. முன்பக்கமாக வில் போல வளைந்தது. அந்த வளைவின் ஆரம் சராசரியாக 1.2 மீட்டர் அளவில் இருக்க, பல ஆணிகள் அதைவிட நேராகச் செய்யப்பட்டிருந்தன. நேரான ஆணி வளைந்த எலும்புக்குள் இறங்கும்போது அதன் நுனி முழங்காலுக்கு மேலே எலும்பின் முன்சுவரில் முட்டும்; சில வேளைகளில் துளைத்தும்விடும். வயதாக ஆக, எலும்பு மெலிவதோடு வளைவும் கூடுவதால் முதியோரிடம் இது மேலும் கவனிக்க வேண்டியது. ஆரம் குறைந்தால் வளைவு கூடும்; டிஎஃப்என்ஏ ஆணியின் வளைவு ஆரத்தை 1 மீட்டராகக் குறைத்தது இதற்காகத்தான்.

முறிவு முண்டுப் பகுதியோடு நின்றுவிட்டால் குட்டை ஆணியே போதும் என்பதைப் பெரும்பாலான ஒப்பீடுகள் ஆதரிக்கின்றன. முறிவு கீழே தண்டுக்குள் நீளும்போதும், புற்றுநோய் பரவியதால் எலும்பு முறிந்திருக்கும்போதும் நீள ஆணிதான் பொருத்தம். எதிர்ச்சாய்வு முறிவிலும் பலர் அதையே விரும்புகிறார்கள்.

எலும்பு மிகவும் மெலிந்திருப்பவர்களுக்குத் துளைகள் கொண்ட பிளேடு அல்லது திருகின் வழியே எலும்பு சிமென்டைத் தலைக்குள் சில மில்லிலிட்டர் செலுத்தும் முறையும் உண்டு. சிமென்ட் திருகைச் சுற்றிப் பிடிமானத்தைப் பெரிதாக்குகிறது. எல்லோருக்கும் தேவையில்லாத, தேர்ந்தெடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது. சிமென்ட் மூட்டுக்குள் கசியாது என்பதைச் சாயம் செலுத்தி முன்னதாகவே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

பெரிய ஆய்வுகள் சொல்வது

ஆணிகளையும் தகடுகளையும் ஒப்பிட்ட 70-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2022-இல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டது. அன்றாட இயக்கம், நடை, வாழ்க்கைத் தரம், இறப்பு ஆகியவற்றில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. சிக்கல்களின் வகைதான் வேறுபட்டது: ஆணி வைத்தவர்களில் கருவியைச் சுற்றி எலும்பு முறிவது கூடுதல், தொற்றும் எலும்பு கூடாமல் போவதும் குறைவு. நார்வேயில் 684 முதியோரிடம் இன்டர்டானையும் சறுக்குத் திருகையும் ஒப்பிட்டு 2013-இல் வெளிவந்த ஆய்வில், தொடக்க நாட்களில் எழுந்து நடக்கும்போது இன்டர்டான் வைத்தவர்களுக்கு வலி சற்றுக் குறைவாக இருந்தது. 12 மாதத்தில் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. 12 நாடுகளில் 850 பேரிடம் காமா ஆணியைச் சறுக்குத் திருகோடு ஒப்பிட்டு 2023-இல் வெளிவந்த ஆய்விலும், ஓராண்டு முடிவில் வாழ்க்கைத் தரம் ஒன்றுபோலவே இருந்தது.

இவற்றைப் படித்துவிட்டு எதை வைத்தாலும் ஒன்றுதான் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த ஆய்வுகளில் நிலைத்த முறிவும் நிலையற்ற முறிவும் கலந்திருக்கின்றன. சராசரியில் மறைந்துபோகும் வேறுபாடு, எதிர்ச்சாய்வு முறிவு கொண்ட ஒருவருக்கு மிகப் பெரியதாக இருக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது. இடுப்பு முறிந்த முதியோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். உயிரோடிருப்பவர்களில் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. இவ்வளவு பெரிய இழப்புக்கு நடுவே, ஓர் ஆணிக்கும் மற்றோர் ஆணிக்கும் உள்ள இடைவெளி சிறியதாகத் தெரிவதில் வியப்பில்லை. சேர்க்கப்பட்ட அன்றோ மறுநாளோ அறுவை நடக்கிறதா, மறுநாளே எழுப்பி நிற்க வைக்கிறார்களா, மருந்து, உணவு, மனக் குழப்பம் ஆகியவற்றை முதியோர் மருத்துவம் அறிந்தவர் கவனிக்கிறாரா என்பவை உயிரோடு நேரடியாகத் தொடர்புள்ளவை.

ஆணியின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. நன்றாகச் சேர்த்து நன்றாகப் பொருத்திய எந்த நல்ல ஆணியும், முதியவர் முதல் நாளிலிருந்தே காலில் முழு எடை போட்டு நிற்க வழி செய்கிறது. பாதி எடை மட்டும் போட்டு நடக்கும் பயிற்சி இளைஞருக்குக் கைவரும். 85 வயதில், தசை மெலிந்து, சமநிலை தளர்ந்த ஒருவரால் அது இயலாது. அவருக்கு முழு எடை போட்டு நடப்பது அல்லது படுக்கையிலேயே கிடப்பது என்ற இரண்டே வழிகள்தான் உண்டு. படுக்கையில் கிடப்பவரை நிமோனியாவும் இரத்தக்கட்டும் படுக்கைப்புண்ணும் தேடி வரும்.

மருத்துவரிடம் கேட்கத்தக்கவை

ஆணியின் பெயரைக் கேட்பதில் தவறில்லை. அதோடு, முறிவு நிலைத்ததா நிலையற்றதா, வெளிச்சுவர் எப்படி இருக்கிறது என்று கேட்கலாம். அறுவைக்குப் பின், எலும்பு நன்றாகச் சேர்ந்ததா, நுனி–உச்சித் தூரம் எவ்வளவு, முழு எடை போடலாமா என்று கேட்கலாம். இந்தத் துறையில் பழகிய எந்த மருத்துவரும் இக்கேள்விகளுக்கு எக்ஸ்ரேயைக் காட்டியே விடை சொல்லிவிட முடியும். எடை போடக் கூடாது என்று சொன்னால் அதற்கான காரணத்தைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எலும்புப்புரைக்கு மருந்து தொடங்கினார்களா என்பதும் கேட்க வேண்டியதே. ஆணி ஓர் எலும்பை மட்டுமே காக்கிறது, மறுபக்க இடுப்பு அப்படியே மெலிந்து நிற்கிறது. இடுப்பு முறிவுக்குப் பின் ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியே செலுத்தும் சோலெட்ரானிக் அமிலம் புதிய முறிவுகளைக் குறைத்ததோடு இறப்பையும் 28 விழுக்காடு குறைத்தது என்று 2007-இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. இருந்தும் பலர் மருத்துவமனையிலிருந்து கால்சியம் மாத்திரையோடு மட்டுமே வீடு திரும்புகிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி.

வீடு திரும்பிய பின், முதல் ஆறு வாரத்திலும் மூன்றாம் மாதத்திலும் எடுக்கும் எக்ஸ்ரேக்களைத் தவறவிடக் கூடாது. திருகு கொஞ்சம் வெளிநோக்கிச் சறுக்கியிருப்பது எதிர்பார்த்ததே. முறிவு அழுந்திக் கூடுவதன் அடையாளம் அது. தலை கீழே சாய்ந்திருந்தாலோ, நுனி மூட்டை நெருங்கியிருந்தாலோ உடனே கவனிக்க வேண்டும். நடக்கும்போது இடுப்பு மடிப்பில் புதிதாக வலி எழுந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது. மாதங்கள் கடந்தும் எலும்பு கூடாவிட்டால், ஒவ்வோர் அடியின் பாரத்தையும் ஆணியே சுமந்து, ஒரு நாள் தலைத் திருகு நுழையும் துளையருகே களைத்து உடைந்துவிடும். அப்போது அதை வெளியே எடுக்க, அந்த ஆணிக்கென்றே செய்யப்பட்ட கருவிகள் வேண்டும். ஓர் ஆணிக்கான கருவி மற்றதற்குப் பொருந்தாது. அதனால் ஆணியின் பெயர், நீளம், விட்டம், கோணம் ஆகியவை அச்சிட்ட ஒட்டுச்சீட்டை அறுவைக் குறிப்போடு கேட்டு வாங்கி, மற்ற மருத்துவத் தாள்களோடு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.